கட்டத்தை விட்டு நகராதே

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் உங்கள் குரல் கேட்டதுமே சொல்ல வந்ததில் பாதி மறந்துவிடுகிறது. மீதியை அண்ணன் நடுவில் போனைப் பிடுங்கிக் கெடுத்துவிடுகிறான். அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பதினாறு வருஷமாக சலைன் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற கை, இவ்வளவு எழுதுவதே பெரிய விஷயம்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் சட்டம் எங்கள் தொழிற்சாலைக்கு வந்துவிட்டது! இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாட்டில் ஓடுகிற பெல்ட் பத்து நிமிடம் நிற்கிறது. நாற்காலி போட்டிருக்கிறார்கள் அண்ணி, முதுகு சாய்கிற நாற்காலி! ரேடியோ அக்கா முதல் நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எழுந்திருக்கவே மனசு வரலடி, இப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க" என்றாள். அவளை ஞாபகம் இருக்கிறதல்லவா? வரிசையிலேயே மூத்தவள், காலையில் திறந்த வாயை மாலை மணி அடித்த பிறகுதான் மூடுவாள். நீங்கள் ஆய்வுக்கு வந்தபோது கையில் பட்டை கட்டினால் ஷாக் அடிக்கும் என்று முரண்டு பிடித்தவள். அவளை நான்தான் கெஞ்சிக் கூத்தாடி சம்மதிக்க வைத்தேன்.

உங்கள் படம் வந்த செய்தித்தாளை வெட்டி, கைகழுவும் இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். நான் அதன் பக்கத்தில் நின்று, "எங்க அண்ணி" என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். நான்கு நாள் எனக்குத் தரையில் கால் படவில்லை.

கையில் எல்லோருக்கும் பட்டை கட்டியிருக்கிறார்கள். உங்களுடையது போல முரட்டுப் பட்டை இல்லை, பார்க்க அழகாக, கடிகாரம் மாதிரி இருக்கிறது. நன்றாக இருந்தால் பச்சை, களைத்தால் மஞ்சள், ரொம்பக் களைத்தால் சிவப்பு. தரையில் ஒவ்வொருத்திக்கும் மஞ்சள் பெயின்டில் ஒரு கட்டம். என் பட்டையும் என் மேஜையில் இருக்கிற கருவிப் பெட்டியும் ஜோடி. வேறு ஒருத்தி வந்து என் கட்டத்தில் நின்றால் பெல்ட் நின்றுவிடும்.

இதில் ஒரே ஒரு சின்ன விஷயம்தான். முன்னே மாதிரி நகர முடிவதில்லை. என்னை அட்டைப்பெட்டி தூக்குகிற முனையில் போட்டுவிட்டார்கள், நாள் முழுக்கத் தூக்கல்தான். உங்கள் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லி அந்தக் கட்டத்தை மட்டும் அழிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அது என்ன பெரிய வேலையா!

உங்கள் நாத்தனார்,
ரெட்டைவால்

பிப்ரவரி 16

அன்புள்ள ரெட்டைவாலுக்கு,

உன் அண்ணன் வைத்த பெயரால் நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய், அதனால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாற்காலி வந்த பகுதியை உன் அண்ணனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். எங்கள் துறையில் ஆண்டுதோறும் எத்தனையோ கட்டுரைகள் வருகின்றன. எழுதியவரும் அவருடைய மாணவரும் படிப்பார்கள், அதோடு சரி. என் கட்டுரை பல்கலைக்கழக வாசலைத் தாண்டி, ஒரு அரசுக் குழுவின் கைக்குப் போய், சட்டமாகி, அந்தச் சட்டத்தைப் பார்த்து ஒரு நிறுவனம் கருவி செய்து, அது உன் கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. என்னால் இதை இன்னும் நம்பமுடியவில்லை. பெருமையடிப்பதாக நினைக்காதே. சரி, கொஞ்சம் பெருமைதான்.

கட்டம் போட்டதற்கு ஒரு வகையில் நான்தான் காரணம், அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று உங்கள் வரிசையில் நான் அளந்தபோது, மேஜைப் பெட்டிகளில் வந்த தகவல் அடிக்கடி குழம்பியது. மூன்றாம் மேஜையில் இருக்க வேண்டியவளின் அளவு ஏழாம் மேஜையில் தெரியும். பட்டைகளின் சிக்னல் ஒன்றோடொன்று கலக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அவற்றைச் சரிசெய்து, அவரவர் பதிவு செய்த மேஜைக்கே திருப்பி வைத்தேன். "ஒருவர் ஒரே இடத்தில் நின்று வேலை செய்தால் அளவு துல்லியமாக இருக்கும்" என்று கட்டுரையின் கடைசியில் ஒரு வரி எழுதினேன். பட்டை செய்கிற நிறுவனம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. அது கெட்டதல்ல. அளவு சரியாக இருந்தால்தான் யார் களைத்திருக்கிறார் என்று தெரியும், தெரிந்தால்தான் ஓய்வு கொடுக்க முடியும்.

புதிதாக எது வந்தாலும் முதல் மாதம் உறுத்தத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்துக்கொள். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

"நகர்வது" என்று எழுதியிருந்தாயே, அது என்ன? எங்கே நகர்வது?

அன்புடன்,
அண்ணி

மார்ச் 2

அண்ணி,

எங்கே நகர்வதா! என்ன அண்ணி இப்படிக் கேட்கிறீர்கள்? இரண்டு மாதம் அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்களே! கம்ப்யூட்டரையா பார்த்தீர்கள்?

சரி, சொல்கிறேன். எங்கள் வரிசையில் வேலை எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. ஆரம்பத்தில் விளக்கு மேஜை. பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்து, உள்ளே தூசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நடுவில் லேபிள். கடைசியில் பெட்டி, அதைத் தூக்கித் தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். யாருக்குத் தோள் விட்டுப்போகிறதோ அவள் பக்கத்துக்காரியைத் தட்டி "நகரு" என்பாள். அவள் அந்தப் பக்கம் போவாள், இவள் இந்தப் பக்கம் வருவாள். கண் எரிந்தால் லேபிளுக்கு, விரல் மரத்தால் விளக்குக்கு. மாதவிலக்கு வந்தவளைப் பெட்டிப் பக்கமே விடமாட்டோம். நான் சேர்ந்த அன்றே எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்த வார்த்தை அதுதான். சூப்பர்வைசருக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். எண்ணிக்கை வந்தால் போதும் அவருக்கு.

பெல்ட் ஓடும்போது நகர்வது கஷ்டம், தட்டுத் தடுமாறும். ஆய்வின்போது நீங்கள் பத்து நிமிடம் நிறுத்திவைத்தீர்கள் பாருங்கள், அப்போதுதான் எங்களுக்கு வசதியாகப் போயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் யார் எங்கே என்று பேசி வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் இடம் மாறி நிற்போம். "இந்தப் பொண்ணு வந்தது நல்லதாப் போச்சு, கூட்டம் போட்டுப் பேச நேரம் குடுத்திருக்கா" என்று ரேடியோ அக்கா உங்களை அப்படி வாழ்த்தினாள்.

இப்போது அந்த வாய் மூடிக்கிடக்கிறது. அவளுக்குக் கிடைத்த கட்டம் விளக்கு மேஜையில். வெளிச்சத்தையே பார்த்துப் பார்த்து, மதியத்துக்குள் அவள் பட்டை சிவப்பாகிவிடும். களைத்தவளை வேலை வாங்கக் கூடாது என்று உங்கள் சட்டத்தில் இருக்கிறதாமே? தொடர்ந்து மூன்று வாரம் சிவப்பு வந்தால் ஓய்வுப் பட்டியல். "உடல்நலம் கருதி" வீட்டுக்கு அனுப்புகிறார்கள். திரும்ப எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ரேடியோ அக்கா போன வெள்ளிக்கிழமை போய்விட்டாள். நாற்காலியைத் தடவிக்கொண்டே போனாள்.

கைகழுவும் இடத்தில் இருந்த உங்கள் படத்தை யாரோ கிழித்துவிட்டார்கள். நான் போனால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஒருத்தி மட்டும் முகத்துக்கு நேரே கேட்டாள்: "உங்க அண்ணிக்காக கை நீட்டினோமே, நல்லா கட்டிப் போட்டீங்கடி."

எனக்குப் போன வாரம் சிவப்பு வந்தது. இந்த வாரமும் வந்துவிடும் போலிருக்கிறது. இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை கிடையாது, உங்களுக்கே தெரியும். இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள்? ஏதாவது செய்யுங்கள்.

ரெட்டைவால்

மார்ச் 9

அன்புள்ள ரெட்டைவாலுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பழைய கோப்புகளைத் திறந்தேன். நான் திருத்துவதற்கு முந்தைய மூலத் தகவல் இன்னும் இருக்கிறது. குழப்பம் என்று நான் தள்ளிய ஒவ்வொரு இடத்தையும் எடுத்து, ஒரு பெரிய தாளில் வரைந்து பார்த்தேன்.

அது குழப்பம் இல்லை. மணி அடித்ததும் மூன்றாம் மேஜைக்காரி ஏழாம் மேஜைக்குப் போகிறாள். ஏழாம் மேஜைக்காரி முதலுக்கு வருகிறாள். எந்த இடத்தில் ஒருத்திக்குக் களைப்பு ஏறுகிறதோ அங்கிருந்து அவள் விலகியிருக்கிறாள், விலகியதும் களைப்பு இறங்கியிருக்கிறது. நீங்கள் நகர்வது அத்தனையும் அதில் இருக்கிறது, நான்தான் அதைக் கருவிப் பிழை என்று துடைத்துப் போட்டேன்.

நான் சொல்வது உனக்குப் புரிகிறதா? உங்களைப் பச்சையில் வைத்திருந்தது பத்து நிமிட ஓய்வு மட்டும் இல்லை. நகர்வதுதான் பெரும்பங்கு. ஓய்வு கொடுத்த நாட்களில் நீங்கள் தாராளமாக நகர்ந்திருக்கிறீர்கள், அந்தப் பலனை எல்லாம் நான் ஓய்வின் கணக்கில் எழுதிவிட்டேன். எழுதியதோடு நிற்காமல், நகரக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தினமும் உன் வீட்டில்தானே சாப்பிட்டேன், உன் பாயில்தானே படுத்தேன். என்னென்னவோ பேசினோம். அண்ணனின் குறட்டையைப் பற்றி எத்தனை சிரித்தோம். வேலையைப் பற்றி நான் கேள்வித்தாளில் இருந்த கேள்விகளை மட்டும்தான் கேட்டேன்.

இதைச் சரிசெய்துவிடலாம். கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். குழுவுக்கும் அமைச்சகத்தின் துணைச் செயலாளருக்கும் எழுதியிருக்கிறேன். அவர் நல்ல மனிதர், என் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பவர். தவறு என்னுடையது என்று நானே சொல்லும்போது எப்படி மறுப்பார்கள்? ஒரு மாதம் தாக்குப்பிடி. பெட்டியைத் தூக்கும்போது மூச்சை அடக்காதே.

அண்ணி

ஏப்ரல் 4

அண்ணி,

ஒரு மாதம் ஆயிற்று. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறீர்கள்.

மூச்சை அடக்கவில்லை. நடுவில் ஒரு வாரம் தப்பித்தேன், தலைவலி என்று இரண்டு நாள் லீவு போட்டேன், அதனால் மஞ்சளோடு போயிற்று. திரும்ப முதலில் இருந்து எண்ணுகிறார்கள். இப்போது மறுபடி இரண்டு வாரம் சிவப்பு. அடுத்த வாரமும் வந்தால் நானும் ரேடியோ அக்கா பின்னால் போக வேண்டியதுதான்.

ஓய்வுப் பட்டியலில் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அவர்கள் இடத்தில் புதுப் பெண்கள் வந்துவிட்டார்கள். சின்ன வயசு, ஓடி ஓடித் தூக்குகிறார்கள். அவர்களுக்கு "நகரு" என்றால் என்ன என்றே தெரியாது. ஒருத்தியைத் தட்டினேன், "என்னக்கா, வழி விடணுமா?" என்கிறாள்.

ரேடியோ அக்காவைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று, "உடம்பு நல்லாத்தாண்டி இருக்கு, ரெண்டு நாள் தூங்கினேன், சரியாயிடுச்சு. இப்ப வேலைதான் இல்ல" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் இரண்டு வரியோடு நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது எனக்கு.

என்ன சொன்னார்கள் உங்கள் நல்ல மனிதர்கள்? ஒன்றும் நடக்காது என்றால் அதையாவது எழுதுங்கள்.

ஏப்ரல் 9

அன்புள்ள ரெட்டைவாலுக்கு,

எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத ஏதாவது கிடைக்கட்டும் என்று காத்திருந்ததுதான். நேற்றுத்தான் துணைச் செயலாளர் நேரம் கொடுத்தார். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அறை பெரியது. அவர் எழுந்து நின்று வரவேற்றார். பட்டை நிறுவனத்தின் பொறியாளரும் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பெரிய தாளை மேஜையில் விரித்து, மேஜைக்கு மேஜை கோடு காட்டி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். துணைச் செயலாளர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"மேடம், உங்க நேர்மையை நான் ரொம்ப மதிக்கிறேன். ஆனா ஒரு விஷயம். சட்டம் இப்ப உங்க கட்டுரை மேல நிக்கல. அது ஒரு தொடக்கம், அவ்வளவுதான். இப்ப இத்தனை தொழிற்சாலையில இருந்து தினமும் தகவல் வருது. அதுல எல்லாம் நல்லபடியாத்தான் தெரியுது."

அந்தத் தகவல் கட்டத்துக்குள் நின்றவர்களிடம் எடுத்தது, நகர்ந்தால் என்ன ஆகும் என்று அதில் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பொறியாளர் கெட்டவர் இல்லை, சின்னப் பையன்தான், உண்மையாகவே வருத்தப்பட்டார். "நகர்ந்தா எங்க கருவி படிக்காதுங்க மேடம். நீங்க எழுதினதை வெச்சுத்தான் அப்படி வடிவமைச்சோம்" என்றார். என் கடைசி வரியை எனக்கே வாசித்துக் காட்டினார், தேதி பக்க எண்ணோடு.

ஓய்வுப் பட்டியலைப் பற்றிக் கேட்டேன். களைத்தவர்களை வேலை வாங்கக் கூடாது என்பது நான் பரிந்துரைத்தது, அதைத் தாங்கள் எப்படி மீற முடியும் என்றார்கள். எழுதியதே நான்தானே.

முடிவாக, புதிய ஆய்வு ஒன்று செய்யுங்கள், அது வேறு மாதிரி வந்தால் குழு கட்டாயம் பார்க்கும் என்றார்கள். இரண்டு வருடம் ஆகும். என் திருத்தம் அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் வருகிறது, அரைப் பத்தி.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம், நாம் கண்டுபிடித்ததை யாராவது கேட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டார்கள். அதன்பிறகு நான் கத்தினாலும் அது இன்னொருவருடைய கருத்து மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று. இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. கிளம்பும்போது பொறியாளர் வாசல்வரை வந்தார். அவரிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வாய் தவறி இல்லை, வேண்டுமென்றே சொன்னேன். அவர் உங்கள் மேலாளரிடம் பேசுகிறேன் என்றார். இன்று காலை தகவல் வந்தது. உன்னைப் பெட்டி முனையில் இருந்து எடுத்து, கண்ணாடி அறையில் திரை பார்க்கிற வேலைக்குப் போடுவார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. பட்டை கிடையாது.

ஒரு சட்டத்தை மாற்றப் போனேன், உனக்கு ஒரு நாற்காலி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டாம். ஆனாலும் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. உன்னையாவது காப்பாற்றினேன் என்று இருக்கட்டும்.

அண்ணி

மே 6

அண்ணிக்கு,

வேண்டாம் என்று சொல்ல எனக்கு எங்கே தைரியம். மூன்றாவது வாரம் சிவப்பு வந்த அன்று கூப்பிட்டார்கள், ஓடிப்போய் உட்கார்ந்தேன். முதல் நாள் ஜாலியாகக்கூட இருந்தது. தோள் வலி போயிற்று. உங்கள் மேல் இருந்த கோபமும் கொஞ்சம் போயிற்று, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நீங்கள் உட்கார்ந்த அதே அறை. திரையில் வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். சிவப்பு வந்தால் நான் ஒரு பொத்தானை அழுத்தி உறுதி செய்ய வேண்டும். நான் அழுத்தினால்தான் அந்த வாரம் அவள் கணக்கில் ஏறும். அழுத்தாவிட்டால் சரிதானே, யாருக்குத் தெரியும் என்று இரண்டு நாள் கண்டும் காணாமல் விட்டேன். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் வந்து, "நீங்க அழுத்தலைன்னா அதுவே அழுத்திக்கும்மா. ஆனா நீங்க அழுத்தலைங்கிறதும் பதிவாகும்" என்றார். அப்புறம் எதற்கு என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மனுஷர் ஒருத்தர் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதாம். அதுவும் நீங்கள் எழுதியதா அண்ணி? நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள்.

போன வாரம் என்னால் தாங்க முடியவில்லை. என் பழைய பெட்டி முனையில் ஒருத்தி, ஊமைச்சி என்று கூப்பிடுவோம், அவ்வளவு அமைதி. முகம் வெளுத்துப்போய் நிற்கிறாள், திரையில் மஞ்சள் சிவப்பாக மாறப்போகிறது. நான் எழுந்து வெளியே ஓடி, "நகரு, நகரு, லேபிளுக்குப் போ" என்று கத்தினேன். பழகின காலில்லையா, சட்டென்று நகர்ந்துவிட்டாள். பெல்ட் நின்றுவிட்டது. மறுபடி ஓட வைக்க அரை மணி நேரம். விட்டுப்போன எண்ணிக்கையை முடிக்க எல்லோரும் மாலை கூடுதலாக நிற்க வேண்டியதாயிற்று. ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. அன்று அவளோடு இன்னும் நான்கு பேருக்குச் சிவப்பு வந்தது. நான்தான் உட்கார்ந்து அழுத்தினேன்.

முன்னாடி என்னிடம் பேசாமல் இருந்தார்கள். இப்போது வணக்கம் சொல்கிறார்கள்! பழைய ஆட்கள், என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள், என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்று வணக்கம் மேடம் என்கிறார்கள்.

விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். விட்டால் நாளைக்கே வேறு ஒருத்தி வந்து அழுத்துவாள். இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். நீங்கள் படித்தவர்கள், சொல்லுங்கள், இதில் எதைச் செய்தால் சரி?

நாத்தனார்

மே 20

அன்புள்ள ரெட்டைவாலுக்கு,

எதைச் செய்தால் சரி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுத நான்கு தாள் கிழித்தேன். மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்பதும் நான் எழுதியதுதான். கருவியை மட்டும் நம்பிவிடக் கூடாது என்று எழுதினேன்.

ஆனால் ஒரு வழி கிடைத்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். புதிய ஆய்வுக்கு அனுமதி வாங்கிவிட்டேன். இரண்டு வருடம் எல்லாம் இல்லை, ஆறு வாரத்தில் முடிக்கிற மாதிரி சுருக்கிவிட்டேன். அதுவும் உங்கள் தொழிற்சாலையிலேயே! நானே ஆச்சரியப்பட்டேன், உங்கள் மேலாளர் உடனே சம்மதித்துவிட்டார். இந்த முறை கண்ணாடி அறையில் உட்காரமாட்டேன். வரிசையில் உன் பக்கத்தில் நிற்பேன். பாதி நாள் கட்டத்துக்குள், பாதி நாள் நகர்ந்து. பட்டை நிறுவனத்துப் பொறியாளர் அவராகவே முன்வந்து, அந்த ஆறு வாரத்துக்கு மட்டும் பெல்ட் நிற்காத மாதிரி மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். நகர்ந்தால் சிவப்பு குறைகிறது என்று கண்ணால் காட்டிவிட்டால், குழு தட்டிக்கழிக்க முடியாது. துணைச் செயலாளர் கடிதத்திலேயே வாக்குக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். களைக்கிறவர்கள் வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள், மஞ்சளும் சிவப்பும் வருகிறவர்கள், நகரத் தெரிந்தவர்கள். அவர்கள் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். வரிசையில் இப்போது அப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எழுது. என் மேல் கோபமாக இருப்பார்கள். ஒவ்வொருத்தியின் காலில் விழவும் தயார் என்று சொல். அடுத்த மாதம் முதல் வாரம் கிளம்புகிறேன். உன் அண்ணனும் வருகிறேன் என்கிறான்.

பல மாதத்துக்குப் பிறகு இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அண்ணி

மே 29

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் படித்தேன். படித்ததும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரேடியோ அக்காவைக்கூடக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே உள்ளே போனேன். மேலாளரிடம் கேட்டேன். ஓய்வுப் பட்டியலில் இருக்கிறவர்களை உள்ளே விட்டால் சட்டப்படி குற்றம், தொழிற்சாலைக்குச் சீல் வைத்துவிடுவார்கள் என்றார். அவரும் பயந்துதான் சொன்னார், திமிராகச் சொல்லவில்லை.

சரி, இருக்கிறவர்களில் பார்க்கலாம் என்று திரை முன்னால் உட்கார்ந்தேன். காலையில் இருந்து மாலைவரை ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஊமைச்சி போன வாரமே போய்விட்டாள், அந்த மூன்றாவது வாரத்தையும் நான்தான் அழுத்தினேன். நாற்பதைத் தாண்டிய ஒருத்தியும் இல்லை அண்ணி. எல்லாம் இருபது, இருபத்திரண்டு. அவர்களும் களைத்தால் போய்விடுவார்கள், அடுத்த வாரம் வேறு இருபது வரும்.

மேலாளர் ஏன் உடனே சம்மதித்தார் என்று இப்போது புரிகிறது. அமைச்சகத்தில் இருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. களைப்பே இல்லாத முதல் தொழிற்சாலை எங்களுடையதுதானாம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கைகழுவும் இடத்தில், முன்பு உங்கள் படம் இருந்த சுவரிலேயே மாட்டியிருக்கிறார்கள். நீங்கள் வந்தால் மாலை போட்டு வரவேற்க ஏற்பாடு செய்கிறார்கள்.

என் மேல் வருத்தப்படாதீர்கள், எனக்கும் உங்கள் மேல் இப்போது கோபம் இல்லை. கோபப்படக்கூட ஒருத்தர் வேண்டுமே, இதில் யாரைப் பிடிப்பது? ஊரைப் பார்க்க வேண்டும் போலிருந்தால் வாருங்கள், சும்மா வாருங்கள், அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்தப் பட்டை, தாள், கருவி எதையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

திரை முழுக்கப் பச்சையாக இருக்கிறது அண்ணி. சிவப்பு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இப்போது வந்து அளந்தீர்கள் என்றால், உங்கள் பழைய கட்டுரைதான் சரி என்று வரும்.

ரெட்டைவால்